லிங்கத்துரை வீட்டு உப்பு

கானல்விளையில் முதன்முதலில் ஏசி வைத்தது லிங்கத்துரை வீட்டில்தான் என்பதும், அந்த ஏசி ஒரு நாள்கூட ஓடாமலேயே அதன் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது என்பதும், அந்தத் தண்ணீரைக் காயவைத்து ஊரே உப்பெடுத்துத் தின்றது என்பதும் தேரிக்காட்டுப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நம்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அந்த உப்பில் போட்ட கருவாட்டைத் தின்றவர்கள்தான் என்பதால் யாரும் அவர்களோடு வாதாடப் போவதில்லை.

கானல்விளை கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். ஆனால் கடற்காற்று தேரியின் செம்மணல் மேடுகளைத் தாண்டி ஊருக்குள் வருவதற்குள் நன்றாகச் சூடேறிவிடும், சித்திரை மாதத்தில் ஆடுகள்கூட மணலில் கால் மாற்றிக் கால் மாற்றித்தான் நிற்கும், மழையோ தூரத்துச் சொந்தம் மாதிரி, வந்தால் வந்தது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து இதைவிட வெயில் கூடின பாலைவனத்துக்குப் பிழைக்கப் போனவன் லிங்கத்துரை. கானல்விளைக்காரர்களுக்கு அரபு நாடுகள் எல்லாமே துபாய்தான், அதனால் அவன் போன நாட்டின் பெயரை யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அங்கே வீடுகளுக்கு ஏசி மாட்டிக் கொடுக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. ஏசி மாட்டுகிற வேலை இல்லை, ஆபீஸ் வேலை என்று அவன் மனைவி சுயம்புக்கனியிடம் சொல்லியிருந்தான்.

"வீட்டுக்கு ஏசி வைக்க என்ன செலவாவும்னு போன் போட்டுக் கேப்பாவ. நான் கணக்குப் போட்டுச் சொல்லணும். அவ்வளவுதான் வேல," என்பான். "சொவரு கல்லா, காங்கிரீட்டா, வெளிய வைக்கிற பெட்டி மொட்ட மாடியிலயா, சன்னல் பக்கமா, செப்புக் குழா எம்புட்டு நீளம் போகும், பழைய ஒயரு தாங்குமா, எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுத்தான் ஒரு தொக சொல்லணும். நம்ம ஊரு மாதிரி நினைச்சிராத. இங்க சின்ன மிசினு போட்டா ரூம் குளிராது, மிசினுதான் சூடாவும்."

சுயம்புக்கனி இதையெல்லாம் ஆசையாகக் கேட்பாள். தன் புருஷன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, சட்டை கசங்காமல், பாலைவனத்தில் இருக்கிற வீடுகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும். ஒரு நாள் வீடியோவில் மகள் தர்ஷினியின் முதுகு நிறைய வேர்க்குரு இருப்பதைப் பார்த்துவிட்டு, ஊரார் வீட்டுக்கெல்லாம் செலவு சொல்லுகிறவன் என் வீட்டுக்குச் சொல்ல மாட்டேனா என்று, சுவர் எந்தப் பக்கம் வெயில் வாங்குகிறது என்பது முதல் எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுக் கணக்குப் போட்டுப் பணம் அனுப்பிவைத்தான். டவுனிலிருந்து மெக்கானிக் வந்து மாட்டிக் கொடுத்தார், தெருப் பக்கம் ஒரு குழாயை நீட்டிவிட்டு, தண்ணீர் சொட்டும், வாளி வையுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வாளி வைத்தாள், ஆனால் ஏசியைப் போடவில்லை. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. லிங்கத்துரை லீவில் வந்து தன் கையால் முதலில் போடட்டும், அவன் படுக்காத குளிரில் தான் மட்டும் படுப்பதா என்று ஒரு எண்ணம். மகளுக்குச் சந்தனம் அரைத்துப் பூசி ஓலை விசிறியால் விசிறினாள். அவன் போனில் "ஏசி ஓடுதா?" என்று கேட்டால் "ஓடுது, பிள்ள போர்வை கேக்கா" என்பாள். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டு அவன் சிரிக்கிற சிரிப்பு நன்றாக இருந்ததால் அவள் அதை விடாமல் சொல்லிவந்தாள்.

ஏசி மாட்டிய மறுநாளே வாளியில் தண்ணீர் இருந்தது. அதற்கு மறுநாள் வாளி நிரம்பி வழிந்தது. வெயில் ஏற ஏறக் குழாயில் தண்ணீர் கூடும், சாயங்காலம் குறையும், இருட்டினால் நின்றுவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் பிளக்கே சொருகாமல் கிடப்பதைப் பார்த்தார், வெளிப்பெட்டியைக் கழற்றிப் பார்த்தார், குழாய் நுனியில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு, கம்பெனியில் கேட்டுச் சொல்லுதேன் என்று போனவர் அப்புறம் அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

தண்ணீர் உப்புக் கரித்தது. குடிக்க ஆகாது, செடிக்கு ஆகாது. ஆனால் தேரிக்காட்டில் தண்ணீரைக் கீழே கொட்டுகிற பழக்கம் கிடையாது, எந்தத் தண்ணீராக இருந்தாலும் அது பாவம். பக்கத்து வீட்டு வடிவம்மை, கடற்கரையிலிருந்து மீன் வாங்கி வந்து கருவாடு போட்டு விற்கிறவள், ஒரு தார்ப்பாயை மணலில் விரித்து வாளியை அதில் ஊற்றினாள். பொழுது சாய்வதற்குள் தார்ப்பாய் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அந்த உப்பைத் தடவிய சாளை மீன் எத்தனை நாள் வைத்தாலும் புழு வைக்கவில்லை, வாடையும் அடிக்கவில்லை. ஊறுகாய்க்குப் போட்டால் மாங்காய் கடைசி வரை நறுக்கென்று இருந்தது. கால் வெடிப்புக்கு வெந்நீரில் போட்டு முக்கினார்கள், வெடிப்பு மூடியது. குழந்தைகளுக்குத் திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி வெடித்தது, இதற்கு மேல் அந்த உப்புக்கு வேறு என்ன மரியாதை வேண்டும். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதால் சுயம்புக்கனி முறத்தில் குவித்து வாசலில் வைப்பாள், வேண்டியவர்கள் அள்ளிக்கொள்வார்கள், விளக்கு வைத்த பிறகு யாரும் கேட்கமாட்டார்கள், அவளும் கொடுக்கமாட்டாள். இப்படி ஒரு குறையும் இல்லாமல் அந்த அதிசயம் ஊரின் அன்றாடக் காரியங்களில் ஒன்றாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மட்டும் குழாய் வறண்டு கிடந்தது. எந்த வெள்ளிக்கிழமையும் ஒரு சொட்டு வராது. இதைக் கவனித்தவர் முப்பிடாதி அம்மன் கோயில் பூசாரி. வெள்ளி அம்மனுக்குரிய நாள், அன்றைக்கு உப்பு விளைவிக்கக் கூடாது என்று அவளே கையை எடுத்துக்கொள்ளுகிறாள், இது அவள் ஊற்று என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பெண்கள் மஞ்சளும் குங்குமமுமாக வந்துவிட்டார்கள். தெருச் சுவரில் இருந்த வெளிப்பெட்டிக்கு மஞ்சள் பூசி, மூன்று பக்கமும் பொட்டு வைத்து, வேப்பிலை சொருகி, வெள்ளிதோறும் சூடம் காட்டினார்கள். சுயம்புக்கனிக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. பித்தளைத் தட்டில் சூடத்தை ஏற்றிக் கொடுத்தவளே அவள்தான்.

துணி மூட்டையோடு மாதம் ஒரு முறை ஊருக்கு வருகிற காதர் சாகிப் ஒரு வெள்ளிக்கிழமை இந்தப் பூசையைப் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சேலை மடிப்பைச் சரிசெய்தபடியே பேச்சுவாக்கில் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரரு இருக்க நாட்டுலயும் வெள்ளிக்கிழமதாம்மா லீவு. என் மருமகனும் அங்கதான். அன்னைக்கு ஒருத்தரும் வேலைக்குப் போவ மாட்டாவ."

சுயம்புக்கனி சேலையைக் கீழே வைத்தாள். மறுநாள் குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்ததும் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் லிங்கத்துரை சிமெண்ட் மூட்டை இறக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், சாயங்காலம் அவன் கழற்றிப் போடுகிற துண்டை அலசியவள் அவள். அந்த வாசனையை வேறு எதோடும் அவளால் குழப்பிக்கொள்ள முடியாது. இத்தனை நாளும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அன்றைக்கு அவன் போன் பண்ணினான்.

"என்னங்க, வெயில் எப்படி அங்க?"

"வெயில யாரு பாத்தா. காலைல உள்ள வந்தா சாயந்தரந்தான் வெளிய. ஏசிய ஏத்தி வச்சிருக்கானுவ, சுவெட்டரு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே இரண்டாவது வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள், சளி பிடிக்காம பாத்துக்கிடுங்க என்றாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை; ஆனால் ஊருக்குப் புரிவதற்கு வெகு நாள் ஆகவில்லை. அவனுக்குக் காய்ச்சல் என்று அவள் சொன்ன இரண்டு நாளும் குழாய் காய்ந்து கிடந்ததை வடிவம்மை பார்த்தாள். நோன்பு மாதத்தில், அங்கே ராத்திரியில்தான் வேலை என்பதால், தண்ணீர் வருகிற நேரம் தலைகீழாக மாறியதைப் பூசாரி பார்த்தார். கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். ஒரு மனுஷனுடைய வேர்வையை அம்மன் என்று கும்பிட்டுவிட்டோமே என்று பூசாரிக்குத்தான் ரொம்ப சங்கடம். அதைவிட, தின்றுவிட்டோமே என்று சிலர் தொண்டையைத் தடவிக்கொண்டார்கள்.

"பனையேறி வேர்வ பதனிக் கலயத்துல விழாதா? குடிக்காமலா விட்டோம்?" என்றாள் வடிவம்மை. "யாரு வேர்வையத் திங்காம நாம உக்காந்திருக்கோம், சொல்லுங்க."

தொடர்ந்து தின்றார்கள். மஞ்சள் பூசுவதை மட்டும் நிறுத்தினார்கள். முறத்திலிருந்து உப்பு அள்ளும்போது, லிங்கத்துரை நல்லா இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அள்ளினார்கள். கொஞ்ச நாளில் அந்த வார்த்தையும் தேய்ந்து, உப்பு எடுக்கும்போது வாயில் வருகிற ஒரு முணுமுணுப்பாக ஆகிவிட்டது. அவள் போன் பேசிவிட்டு வெளியே வந்தால், அங்க வெயிலு எப்படியாம் என்று விசாரித்தார்கள். யாராவது போனில் பார்த்து நல்ல வெயிலாம் என்று சொன்னால் தார்ப்பாயை உதறி விரித்தார்கள், அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, விதைத்துவிட்டு மழைச் செய்தி கேட்கிற சம்சாரி மாதிரித்தான் கேட்டார்கள்.

சுயம்புக்கனிக்குத்தான் தாங்கவில்லை. அவனை வரவழைக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அவளுக்கு ஆகிவிட்டது. ஆனால் எப்படிச் சொல்லி வரவழைப்பது? நீங்க ஆபீஸ்ல இல்ல, வெயில்ல நிக்கிய, எனக்குத் தெரியும் என்றால் அவன் இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த ஒரே பெருமை உடைந்துபோகும். அதைச் சொல்லாவிட்டால், ஏசிக்குள் சுகமாக உட்கார்ந்திருக்கிற மனுஷனை எந்தக் காரணத்தைச் சொல்லிக் கூப்பிடுவது?

"கம்பெனில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்கான். போடலாம்னு இருக்கேன்," என்றான் ஒரு நாள்.

"போடாதிய. வந்துருங்க."

"ஏளா, இங்க எனக்கு என்ன கஷ்டம்? உக்காந்த எடத்துல சம்பளம். பிள்ளைக்கு ஏசி நல்லாக் குளிருதுல்லா?"

"குளிருது," என்றாள்.

இந்தப் பேச்சு எப்படியோ வடிவம்மை காதுக்கு எட்டியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "வர வேண்டியதுதான், நான் வேண்டாங்கல. இந்தச் சீசன் மட்டும் முடியட்டும்ளா. இந்த உப்ப நம்பி முன்பணம் வாங்கிட்டேன்."

"உங்க மகன அனுப்புங்க மைனி. அவன் ஏசி மாட்டட்டும், நாம திம்போம்," என்றாள் சுயம்புக்கனி. வடிவம்மை எழுந்து போய்விட்டாள், இரண்டு நாள் அவர்களுக்குள் பேச்சு இல்லை.

அது அக்கினி வெயில் காலம். கானல்விளையிலேயே கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிழலில் கிடந்தன. குழாயில் என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தண்ணீர் வந்தது, வாளி போதாமல் அண்டாவை வைத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சிப் பொழுதில், அண்டா பாதி நிரம்பிய நேரத்தில், குழாய் சட்டென்று நின்றது.

வெள்ளிக்கிழமை இல்லை, காய்ச்சல் என்றும் அவன் சொல்லியிருக்கவில்லை. சுயம்புக்கனி குழாய்க்குக் கீழே கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. அவனை உள்ளே எடுத்துவிட்டார்கள். நிஜமாகவே ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்துவிட்டார்கள். வேறு எதற்கு வேலை நேரத்தில் வேர்வை நிற்கும்? அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. அடுப்பை மூட்டிச் சேமியாப் பாயசம் வைத்தாள், கோபத்தை மறந்து வடிவம்மைக்கு ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தாள், உப்பு போச்சே என்று மனதுக்குள் வருந்தியவர்கள்கூடப் பாயசத்தைக் குடித்துவிட்டு, நல்லாருக்கட்டும் என்றார்கள்.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வந்திருந்த நர்ஸ் ஸ்டெல்லாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். எதுக்குப் பாயசம் என்று கேட்டவள், காரணத்தைக் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சங்கொஞ்சமா கொறஞ்சு நின்னுச்சா, பட்டுன்னு நின்னுச்சா?"

"பட்டுன்னுதான். ஏன்?"

"வெயில்ல நின்னு வேல பாக்கவங்களுக்குப் பட்டுன்னு வேர்வ நின்னா நல்லதில்லக்கா. உடம்புக்குள்ள சூடு தலைக்கேறி, வேர்க்கக்கூடத் தெம்பு இல்லன்னு அர்த்தம். உடனே குளிர வைக்கணும். இல்லன்னா ஆள் தங்காது."

சுயம்புக்கனி போனைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மூன்றாவது தரம் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, மாட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக ஏசியைப் போடத் திரும்பினாள். அங்கிருந்து இங்கே தண்ணீர் வருமென்றால் இங்கிருந்து அங்கே குளிர் போகாதா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. ஸ்டூலில் ஏறி பிளாஸ்டிக் உறையைப் பிடித்து இழுத்தாள். அது சூட்டில் இளகி ஒட்டிப்போயிருந்தது. வடிவம்மை ஓடி வந்து கருவாடு கீறுகிற கத்தியால் அதைக் கிழித்தாள். பிளக்கைச் சொருகி, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவைத்தார்கள்.

யாரும் கூப்பிடாமல் ஊர் அந்த அறைக்குள் வந்தது. பூசாரி வந்தார், குழந்தைகள் வந்தார்கள், கதவைச் சாத்தி இடுக்குகளில் துணியை அடைத்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இத்தனை பேர் மூச்சில் அறை குளிராது என்று ஸ்டெல்லா சொல்லிப் பார்த்தாள், யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் குளிர்ந்தது. பிறந்ததிலிருந்து குளிர் என்றால் என்னவென்று தெரியாத உடம்புகளில் மயிர்க்கால் குத்திட்டது, பல் கிட்டித்தது, வடிவம்மையின் உதடு நீலம் பாரித்தது, முடியலை என்று ஒருவரும் சொல்லவில்லை. தாங்குகிற குளிர் அத்தனையும் அவனுக்குப் போய்ச் சேரும் என்று நம்பித் தாங்கினார்கள். சுயம்புக்கனி மட்டும் வெளியே, தெருவில், கொதிக்கிற மணலில் உட்கார்ந்து, ஏசி ஓடியும் ஏசித் தண்ணீர்கூடச் சொட்டாத குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் எந்தத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று வேண்டினாளோ அதே தண்ணீரை, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் குழாயின் விளிம்பில் ஏதோ மினுங்கியது. திரண்டது, தொங்கியது, விழுந்தது. அவள் அதை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது. அவள் அங்கேயே மண்ணில் சாய்ந்து அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய அறைத் தோழன் ஒருவன் போன் செய்தான். மொட்டை மாடியில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தபோது லிங்கத்துரை மயங்கி விழுந்ததாகவும், ஆஸ்பத்திரியில் உடம்பு சூடு இறங்காமல் பயமுறுத்தியதாகவும், இப்போது கண் விழித்து, யாரோ ரொம்பக் குளிராக வைத்திருக்கிறார்கள் என்று கம்பளி கேட்பதாகவும் சொன்னான்.

அடுத்த மாதமே லிங்கத்துரை ஊருக்கு வந்தான், பாதி ஆளாக, கழுத்தெலும்பு தெரிய. இரண்டு மாத லீவு, அப்புறம் திரும்பப் போக வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டான். கோடாலித் தைலமும் பேரீச்சம்பழமும் கொடுத்தான். வந்தவர்களிடம் ஆபீஸைப் பற்றிச் சொன்னான். சுழல் நாற்காலி, கண்ணாடிக் கதவு, விரல் மரத்துப்போகிற குளிர். அவன் ஒவ்வொரு நாளும் எத்தனை வாளி என்று அறிந்த ஊர், அப்படியா, ரொம்பக் குளிருமோ என்று கேட்டுக்கொண்டது. யாராலும் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

முதலில் வடிவம்மைதான் வந்தாள். கையில் ஒரு பானை. அதை அவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவள் பின்னாலேயே ஒவ்வொருவராக வந்து, ஜாடியிலும் டப்பாவிலும் வீட்டில் மிச்சம் இருந்த உப்பை எல்லாம் அவன் காலடியில் இறக்கிவைத்தார்கள்.

"என்னது இது?" என்றான்.

சுயம்புக்கனி ஒரு ஜாடியை அவன் பக்கம் நகர்த்தினாள். "நாக்குல வச்சுப் பாருங்க."

அவன் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தான். இரண்டு கையும் ஸ்பேனரிலும் குழாயிலும் மாட்டிக்கொண்டு துடைக்க வழியில்லாமல், நெற்றியிலிருந்து இறங்கி மூக்கோரமாக வழிந்து உதட்டுக்குள் போய்க்கொண்டிருந்ததை இத்தனை வருஷமாகச் சுவைத்தவன் அவன். முகம் மாறிற்று. ஜாடிகளைப் பார்த்தான், அவற்றைக் கொண்டுவந்தவர்களைப் பார்த்தான். அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். ஏசி ஓடியது என்று சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னாள்.

"எத்தன பேரு தின்னிய?" என்றான்.

"ஊரே தின்னோம்யா," என்றாள் வடிவம்மை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ருசியா இருந்துச்சா?"

"கருவாட்டுக்கு நல்லா இருந்துச்சு."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாக ஆனது, அதை மறைக்க அவன் முயலவில்லை. சுயம்புக்கனி கூட்டம் நிற்கிறதென்று பார்க்காமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இனிப் போவாதிய," என்றாள்.

"போவல," என்றான் லிங்கத்துரை.

பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கே காலை எட்டு மணிக்கே ஸ்பேனரைத் துணி சுற்றாமல் பிடிக்க முடியாது என்று ஆரம்பித்தான். கானல்விளை சுற்றி உட்கார்ந்து கேட்டது. அன்றைக்குத்தான் அவன் முதல்முறையாக வெயிலைப் பற்றிப் பேசினான்.